கெம்பஸ் படிப்பின் உண்மையான விலை என்ன?



ஏ.எல். பெறுபேறு வந்தால் நமது ஊர்களில் இரண்டு விடயங்கள் நடக்கும். சந்தியில் பெனர் கட்டுவோம், முகநூலில் படம் போட்டு "மாஷா அல்லாஹ், ஊருக்குப் பெருமை" என்று எழுதுவோம். அது நல்ல விடயம்தான். இரண்டாவது விடயம் பாடசாலை கேட்டடியில் நடக்கும். ஒரு வாப்பா சைக்கிளை நிறுத்தி வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்பார்: "சேர், புள்ளய கெம்பஸுக்கு அனுப்பி என்ன செய்ற? மூத்தவன் படிச்சி முடிச்சிப் போட்டு ஊட்டயே இரிக்கான். எளயவன் கத்தாருக்குப் போய் ஊடு கட்டிட்டான்."

இந்தக் கேள்விக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "படிப்பு முக்கியம் வாப்பா, அனுப்புங்க" என்பது. பதில் பிழையில்லை, ஆனால் போதாது. அந்த மனிதர் ஒரு கணக்கோடு வருகிறார். கணக்கோடு வருபவருக்கு உபதேசம் சொல்லி அனுப்புவது மரியாதையில்லை. அதனால் இந்தப் பதிவில் கணக்குப் பார்ப்போம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதை எழுதுபவர்கள் கல்வியியற் கல்லூரி வாசலால் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்கள். இரண்டு வருடம் கல்லூரி விடுதி, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, கையில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா. பட்டத்துக்கு முன்னே சம்பளம் வந்தது. எங்களில் பலர் அதன் பிறகுதான் திறந்த பல்கலைக்கழகத்திலும் வெளிவாரியாகவும் சனி ஞாயிறுகளில் படித்துப் பட்டம் எடுத்தார்கள். ஆகவே பட்டத்துக்கு எதிராகவும் நாங்கள் பேசவில்லை, பட்டம் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறோம்.

*இலவசக் கல்வி உண்மையில் இலவசமா?*

கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இந்த நாட்டில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. இன்று வரை அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. இது எவ்வளவு பெரிய விடயம் என்பது, தனியாரில் இலட்சக் கணக்கில் கட்டிப் படிப்பவர்களைக் கேட்டால் தெரியும். வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்து, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. 1995 இல் மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போடப்பட்டது. அதற்கு முன் பேராதனைக்கும் கொழும்புக்கும் போக வேண்டியிருந்த நமது பிள்ளைகளுக்கு வாசல் பஸ் ஏறும் தூரத்துக்கு வந்தது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு.

ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகாது. ஏ.எல். இரண்டு வருடத்துக்கும் டியூஷன். விஞ்ஞானப் பிரிவென்றால் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ போய்வரும் பஸ் காசும் சேரும். கெம்பஸ் கிடைத்த பிறகு தங்குமிடம், சாப்பாடு, போட்டோகொப்பி, லெப்டொப். மஹாபொல நீண்ட காலமாக மாதம் 5,000 ரூபாவாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். இன்றைய விலைவாசியில் இரண்டும் ஒரு பிள்ளையின் மாதச் சாப்பாட்டுக்கே போதாது.

இந்தச் செலவெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதே வயதில் அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் கொண்டு வந்திருக்கும் காசு. ஒரு கடையில் மாதம் 40,000 ரூபாவுக்கு நின்றிருப்பான் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடப் பட்டம் என்றால் 48 மாதம். 19 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. இதுதான் "இலவசப்" பட்டத்தின் விலையில் பெரிய பகுதி. வாப்பா இந்தக் கணக்கை கல்குலேட்டரில் போடுவதில்லை. ஆனால் அவருக்கு மனதால் தெரியும். அதனால்தான் சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார்.

*விலையைக் கூட்டுவது காத்திருப்பு*

நான்கு வருடம் நான்கு வருடமாக முடிந்தால் அந்த விலையும் பரவாயில்லை. முடிவதில்லையே.

2022 ஆம் ஆண்டு ஏ.எல். பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியால் பரீட்சையே 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. விரிவுரையாளர்களின் போராட்டத்தால் விடைத்தாள் திருத்துவது தாமதித்தது. பெறுபேறு 2023 செப்டம்பரில் வந்தது. கெம்பஸ் வாசலைக் கண்டது அதற்கும் அடுத்த வருடம். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. 19 வயதில் ஏ.எல். எழுதிய பிள்ளை, ஒரு தடவையிலேயே தெரிவானாலும் 26 வயதுக்குக் கிட்டத்தான் வெளியே வரும். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதிய பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளியே வந்த பிறகுதான் மிக நீண்ட காத்திருப்பு. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்திப் பூங்கா முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெயிலிலும் மழையிலும், இரவு பகலாக, மாதக் கணக்கில் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், நமது பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டம் முடித்துப் பல வருடமானவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார். அவர்கள் கேட்டது அரச நியமனம். 2020 இல் நாடு முழுக்க 50 ஆயிரம் பட்டதாரிகளை எடுக்கும் திட்டம் வந்தது, பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. அதில் எடுபட்டவர்களில் பலருக்கு அப்போதே வயது 30 தாண்டிவிட்டது. எந்த வேலைக்குப் படித்தார்களோ அந்த வேலை கிடைத்ததா என்பது வேறு கேள்வி. பிரதேச செயலகத்தில் ஒரு கதிரையைச் சுற்றி நான்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருப்பதை நாமே பார்க்கிறோம்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போராடியது அவர்களின் உரிமை. நாங்கள் சொல்ல வருவது வேறு. மேலே போட்ட கணக்கில் இரண்டு வருடக் காத்திருப்பைச் சேருங்கள். இன்னும் 9 இலட்சத்து 60 ஆயிரம். 19 இலட்சம் 29 இலட்சத்தை நெருங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு விலை படிப்புக்குக் கொடுத்ததில்லை, சும்மா இருந்ததற்குக் கொடுத்தது. "பட்டம் பிரயோசனமில்லை" என்று ஊர் சொல்வது உண்மையில் இந்தக் காத்திருப்பைத்தான். பட்டத்தை அரச நியமனத்துக்கான டோக்கனாக எடுத்துக்கொண்டு, டோக்கன் நம்பர் கூப்பிடும் வரை வீட்டில் இருப்பது என்று நாம் பழகிவிட்டோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கத்தின் கை இறுகிவிட்டது. கூப்பிடுவார்கள் என்ற உத்தரவாதம் இனி இல்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அறிக்கைகளைப் பார்த்தால், வேலையின்மை வீதம் கூடுதலாக இருப்பது ஏ.எல்.லும் அதற்கு மேலும் படித்தவர்களிடம்தான், அதிலும் பெண்களிடம். படித்ததால் வேலை இல்லாமல் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குக் காத்திருக்க வசதியில்லை, அடுத்த நாளே கூலிக்குப் போகிறார். படித்த பிள்ளையை வீடு தாங்குகிறது. அந்தத் தாங்கலையே நாம் கவனமாகச் செலவழிக்க வேண்டும்.

*அப்படியென்றால் அனுப்ப வேண்டாமா?*

அனுப்புங்கள். ஆனால் எதற்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள்.

வைத்தியம், பொறியியல், தாதியியல், கணக்கியல், கணினி போன்றவற்றுக்கு வழி பெரும்பாலும் தெளிவானது. இடம் கிடைத்தால் யோசிக்கத் தேவையில்லை. கடன் பட்டாலும் படிக்க வைக்கலாம். நிர்வாக சேவை போன்ற போட்டிப் பரீட்சைகளுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் நமது சனம் வரிசையில் மட்டும் நிற்கக் கூடாது, மேசைக்கு அந்தப் பக்கமும் இருக்க வேண்டும் என்றால் பட்டம் வேண்டும். இதில் இரண்டு பேச்சில்லை.

சிக்கல் வருவது கலைப்பிரிவிலும், "கிடைத்த பாடத்தை எடுப்போம்" என்று எடுத்த பட்டங்களிலும். கலைப்பட்டம் பாவமில்லை. நல்ல ஆசிரியர்களும் நல்ல சட்டத்தரணிகளும் நல்ல நிர்வாகிகளும் அதிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் கலைப்பட்டம் மட்டும் வைத்திருப்பவரும், கலைப்பட்டத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதவும் சிங்களத்தில் ஒரு போன் பேசவும் எக்ஸலில் ஒரு கணக்கு வைக்கவும் தெரிந்தவரும் வேறு வேறு ஆட்கள். நான்கு வருடத்தில் இந்த மூன்றையும் கற்க நேரம் தாராளமாக இருக்கிறது. நமது வியாபாரிகள் குருநாகலிலும் பொலன்னறுவையிலும் கடை போட்டு, பள்ளிக்கூடம் போகாமலே சிங்களம் பேசுகிறார்கள். நமது பட்டதாரிக்கு அது வராவிட்டால் தனியார் கம்பனி எப்படி எடுக்கும்?

*இடம் கிடைக்காத பிள்ளைகள்*

2022 ஏ.எல்.இல் பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெற்றவர்கள் 166,938 பேர். அரச பல்கலைக்கழகங்கள் வருடத்தில் எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். தகுதி பெற்ற நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு இடமில்லை. மட்டக்களப்பு பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் வெளியேதான். பெனரில் படம் வராத பிள்ளைகள் இவர்கள். ஊர் இவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "திரும்ப எழுதல்லயா?"

முதல் தடவை வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்த பிள்ளை இரண்டாம் தடவை எழுதட்டும். தூரத்தில் நின்ற பிள்ளையை மூன்றாம் தடவையும் எழுத வைப்பது அந்தப் பிள்ளையின் இரண்டு வருடத்தைத் தண்ணீரில் விடுவது. அந்த நேரத்துக்கு வேறு வாசல்கள் உண்டு. கல்வியியற் கல்லூரி உண்டு. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் உண்டு. அங்கே கணக்கியல், ஆங்கிலம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. என்.வி.கியூ. என்பது மேசன் வேலைக்கும் வயரிங் வேலைக்கும் கொடுக்கும் சேர்டிபிகேட் என்று மட்டும் நினைக்கிறோம். அது ஏழு மட்டம் கொண்டது, ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். கத்தாருக்கோ சவூதிக்கோ போவதென்றாலும், கையில் என்.வி.கியூ. சேர்டிபிகேட்டோடு போகும் பிள்ளைக்கும் வெறும் பாஸ்போட்டோடு போகும் பிள்ளைக்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு. போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

தனியார் பட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. உம்மாவின் நகையை அடகு வைத்து, காணியை விற்று, கொழும்பில் ஏதோ ஒரு நிறுவனத்தில் சேர்க்கிறோம். சேர்க்க முன், அந்தப் பட்டத்தைக் கொடுப்பது யார், அது இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். இன்னொன்று, 2017 இலிருந்து அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. ஏ.எல். தகுதி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகள், தெரிவுசெய்த தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் நமது வீடுகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் கடன் கடன்தான். மேலே சொன்ன கேள்விகளை அங்கேயும் கேட்டுவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

*பெண் பிள்ளையின் வீடும் பெண் பிள்ளையின் பட்டமும்*

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். மன்னிக்க வேண்டும்.

நமது பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இது பழைய வழக்கம். மகள் உம்மா வாப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நன்மையும் அதில் உண்டு. ஆனால் மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வாப்பாவுக்கு மூன்று வீடு. முதல் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே அவர் வெளிநாட்டில் கல் மண் சுமக்கிறார். அந்த நேரத்தில் மகள் ஏ.எல். விஞ்ஞானம் படிக்க விரும்பினால், டியூஷன் காசா, சீமெந்து காசா என்ற கேள்வி வருகிறது. பல வீடுகளில் சீமெந்து வெல்கிறது. பிள்ளை, செலவு குறைந்த பாடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. வாய் திறந்து சொல்வதில்லை. வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம்.

இதில் பட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆண் பிள்ளை பட்டதாரியானால் சந்தையில் அவனுடைய விலை கூடுகிறது. வீட்டோடு காசும் கேட்கப்படுகிறது, மோட்டார் சைக்கிளும் கேட்கப்படுகிறது. "படிக்க வைக்க நாங்க செலவழிச்சோம்தானே" என்று நியாயம் சொல்கிறார்கள். அதாவது, நமது மகனின் பட்டத்துக்கு நாம் செலவழித்ததை இன்னொரு பெண்ணின் வாப்பாவிடம் அறவிடுகிறோம். அந்த வாப்பா அதைக் கட்டுவதற்காகத் தன் மகளின் படிப்பை வெட்டுகிறார். நாட்டின் வரிப்பணத்தில் இலவசமாகப் படித்த படிப்புக்கு இது நியாயமா? பட்டம் பிரயோசனமா என்று கேட்கும் நாம், ஒரு வீட்டின் பட்டம் இன்னொரு வீட்டின் பட்டத்தைச் சாப்பிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். மார்க்கத்தில் மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. இதை ஆசிரியர்கள் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நாம் யாரும் இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் நமது கரையோர ஊர்களில் கட்டிய வீடுகள் எத்தனை நிமிடத்தில் போனது என்று நமக்குத் தெரியும். சீதன வீடு, தளபாடம், அலுமாரிக்குள் இருந்த நகை எல்லாம் போனது. ஆசிரியையாக, தாதியாக, எழுதுவினைஞராக இருந்த பெண்களுக்கு அடுத்த மாதமும் சம்பளம் வந்தது. இழப்பு எல்லோருக்கும் ஒரே இழப்புதான். ஆனால் எழும்பி நிற்கப் பிடிப்பு இருந்தவர்கள் முதலில் எழும்பினார்கள். கணவனை இழந்த, தலாக்கான, கணவன் நோயில் விழுந்த பெண்ணுக்கும் இதே கதைதான். வீடு கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு அறை குறைத்துக் கட்டுங்கள். மேல்மாடியை அவளே பிறகு உழைத்துக் கட்டட்டும்.

*என்ன செய்யலாம்?*

பெற்றோருக்கு: ஓ.எல். முடிந்து பாடம் தெரிவு செய்யும்போதே பிள்ளையோடு இருந்து, இந்தப் பாடம் எந்த வேலைக்குப் போகும் என்று எழுதிப் பாருங்கள். "ஃப்ரெண்ட் எடுத்தான், நானும் எடுத்தேன்" என்பதற்கு 29 இலட்சம் கொடுக்க முடியாது.

கெம்பஸ் பிள்ளைகளுக்கு: நியமனம் வந்தால் வரட்டும். வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். கணக்கு எழுதுங்கள், கடையில் நில்லுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒன்லைனில் வேலை தேடுங்கள். பட்டதாரி கடையில் நிற்பது கேவலமில்லை. ஊரில் யாராவது சிரித்தால், சிரித்தவர் உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டப் போவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும்: 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், நமது பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு அங்கே கல்விச் சங்கம் அமைத்தார். 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவாகக் காரணமாக இருந்தார். யுத்த காலம், அரிசிக்கும் தட்டுப்பாடு இருந்த காலம். அந்தக் காலத்தில் முடிந்தது இன்று ஏன் முடியாது? ஒவ்வொரு ஜமாஅத்திலும் வருடத்துக்கு ஐந்து பிள்ளைகளின் ஏ.எல். டியூஷன் செலவையும் பஸ் காசையும் பொறுப்பெடுத்தால் போதும். உழைக்கத் தொடங்கியதும் அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் திருப்பிக் கட்டட்டும். ஐந்தில் இரண்டாவது பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். பெனர் கட்டும்போது என்.வி.கியூ. முடித்த பிள்ளையின் படத்தையும் போடுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் வேலை உண்டு. பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் தமிழில் வருகிறது. விண்ணப்பம் இப்போது ஒன்லைனில். பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று தெரியாமல் பிள்ளைகள் நெட் கஃபேக்காரர் சொன்னபடி போடுகிறார்கள். விண்ணப்பம் கோரப்பட்டதும் பாடசாலைக்கு வாருங்கள், வாப்பா உம்மாவையும் கூட்டி வாருங்கள். இருந்து, பார்த்து, சேர்ந்து போடுவோம். இடம் கிடைக்காத பிள்ளைகளும் வாருங்கள், உங்களுக்கும் போட விண்ணப்பங்கள் உண்டு.

கேட்டடியில் சைக்கிளை நிறுத்திக் கேட்ட வாப்பாமாருக்கு எங்கள் பதில் இதுதான்: அனுப்புங்கள். எதற்கு என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடித்து வந்த மறுநாள் எழும்பி ஏதாவது வேலைக்குப் போகச் சொல்லுங்கள். மகனுக்குச் சொன்னதை மகளுக்கும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். வாசித்துப் பிரயோசனம் என்று நினைத்தால், பெறுபேறு வந்த ஒரு வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்கள்.